சொத்து வரி கூடுதலாக வந்திருக்கிறதா? முதலில் டேப்பை எடுங்கள்

2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது பெரியம்மா வீட்டுக்கு வந்த நோட்டீஸில் 1260 சதுர அடி என்று போட்டிருந்தது. வாசலிலிருந்து பின்சுவர் வரை 70 அடி, அகலம் 18 அடி. பெருக்கினால் 1260 வரத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்கு நடுவே 9 அடிக்கு 8 அடி முற்றம் இருக்கிறது. மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் அங்கேதான் கொட்டும். கூரையே இல்லாத அந்த 72 சதுர அடியைக் கழித்தால் 1188.

72 அடிதானே என்று விடக்கூடாது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் அந்த ஆண்டு குடியிருப்புகளுக்கு வந்த உயர்வு இப்படி: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100. பெரியம்மாவின் பழைய வரி அரையாண்டுக்கு 800 ரூபாய். 1188 என்றால் 1200 ரூபாய், 1260 என்றால் 1400. வருஷத்துக்கு 400 ரூபாய் வித்தியாசம். அப்புறம் 2024 அக்டோபர் அரையாண்டில் பல ஊர்களில் 6 சதவீதம் ஏற்றினார்கள். தப்பான தொகை மேல்தான் அந்த ஏற்றமும் போய் உட்காரும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான்: திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று நீளவாக்கில் போகும். அளக்கும்போது பிழை வர நிறைய இடம் உண்டு. அதனால் இந்தப் பதிவில் அளவைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். “வரி கட்ட முடியவில்லை, குறைத்துக் கொடுங்கள்” என்று எழுதினால் அதை வைத்து அதிகாரி எதுவும் செய்ய முடியாது. “உங்கள் பதிவேட்டில் இந்த எண் தப்பு, சரியான எண் இது” என்று எழுதினால் வந்து பார்த்துத்தான் ஆகவேண்டும்.

1. வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது?

மாநகராட்சி, நகராட்சி என்றால் மனு ஆணையாளருக்கு. பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. எல்லைகள் மாறியிருக்கலாம், தாராசுரம் பேரூராட்சி 2021-இல் கும்பகோணம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. கிராம ஊராட்சியில் கட்டுவது வீட்டு வரி. அது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் வருவது, வழியும் வேறு. அங்கே ஊராட்சிச் செயலரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

2. நோட்டீஸைப் பொறுமையாகப் படியுங்கள்

தொகையைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். வரி விதிப்பு எண், சதுர அடி, கட்டட வகை (கான்கிரீட்டா, ஓடா, கூரையா), பயன்பாடு (குடியிருப்பா, வணிகமா), தெரு எந்த மண்டலம், கட்டடத்தின் வயது, இவற்றை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆட்சேபணை தெரிவிக்க எத்தனை நாள் என்று நோட்டீஸிலேயே இருக்கும். அது கைக்கு வந்த தேதியை மேலே பேனாவால் எழுதி வையுங்கள்.

நோட்டீஸில் விவரம் போதவில்லையென்றால் பில் கலெக்டரிடம் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, “என் வரி விதிப்பு எண்ணுக்கான கணக்கீட்டுத் தாளின் நகல்” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். ஆனால் அது வரட்டும் என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள், கெடு தாண்டிவிடும்.

3. அளப்பது

இரண்டு பேர் வேண்டும், 100 அடி டேப் வேண்டும். கொத்தனாரிடம் இரவல் வாங்கலாம்.

வெளிச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து எதிர்ச்சுவரின் வெளிப்புறம் வரை அளக்கவேண்டும். அக்கிரகாரத்து வீடு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வெளியே டேப் போக வழியில்லை. உள் அகலத்தை அளந்து, வாசல் நிலைக்குப் பக்கத்தில் சுவரின் கனத்தை அளந்து கூட்டுங்கள். பொதுச்சுவர் என்றால் பாதிதான் நம்முடையது.

ஒரு வெள்ளைத்தாளில் வீட்டை நீள்சதுரமாக வரைந்து திண்ணை, கூடம், முற்றம், அடுக்களை, பின்கட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் நீளம், அகலம், மேலே என்ன கூரை என்று எழுதுங்கள். மேலே வானம் தெரிகிற இடத்தைக் கோடு போட்டுக் காட்டுங்கள். கூரையில்லாத இடத்தைக் கட்டடப் பரப்பில் சேர்க்கக் கூடாது என்பதுதான் உங்கள் வாதம். சதுர மீட்டரில் இருந்தால் 10.764-ஆல் பெருக்கினால் சதுர அடி.

இப்போது இல்லாத கட்டடத்தையும் தேடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் எத்தனையோ மாட்டுக்கொட்டகைகளையும் பின்கட்டுகளையும் சாய்த்தது. தரையோடு போன கொட்டகை பதிவேட்டில் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம். நாம் எழுதிக் கொடுக்காமல் அது தானாக நீங்காது. அதேபோல, திண்ணையில் எப்போதோ இருந்த பெட்டிக்கடையை எடுத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும், பயன்பாடு மட்டும் ‘வணிகம்’ என்றே இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பதிவேட்டில் ஏறாத மாடி அறை இருந்தால், அளக்க வருகிறவர் அதையும் எழுதுவார். அதைத் தெரிந்துகொண்டு மனு போடுங்கள். உண்மையான அளவு எதுவோ அதற்கு வரி கட்டுவதுதான் முறை.

4. மனு எழுதுவது

ஒரு பக்கம் போதும். பெரியம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இதுதான்:

“மேற்படி வரி விதிப்பு எண்ணுள்ள என் வீட்டின் பரப்பு 1260 சதுர அடி எனப் பதிவாகியுள்ளது. இதில் 72 சதுர அடி கூரையற்ற திறந்த முற்றம். கட்டடப் பரப்பு 1188 சதுர அடி மட்டுமே. இடத்தை நேரில் அளவீடு செய்து, வரியைத் திருத்தி அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இணைப்பாக நோட்டீஸ் நகல், கடைசி வரி ரசீது, கையால் வரைந்த படம், முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து எடுத்த போட்டோ. கோயில் அடிமனையில் (மனை கோயிலுடையது, கட்டடம் நம்முடையது) வீடு இருப்பவர்கள், பட்டா நம் பேரில் இல்லையே என்று தயங்கவேண்டாம். நீங்கள் கேட்பது உங்கள் பேரில் உள்ள வரியின் திருத்தம். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது, அதனால் இந்த மனுவால் மனையின் உரிமையில் எதுவும் மாறாது.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுப்பதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அதுவும் சுற்றி அதே அலுவலகத்துக்குத்தான் வரும். நாள் எண்ணிக்கையும் ஓடிக்கொண்டிருக்கும்.

5. இடையில் வரியை நிறுத்தாதீர்கள்

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மனு நிலுவையில் இருந்தாலும் கட்டிவிடுங்கள். ரசீதோடு “ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்” என்று ஒரு கடிதமும் கொடுங்கள். பாக்கி வைத்திருப்பவரின் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுக்கலாம். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகையும் கிடைக்கும்.

6. அளக்க வரும் நாள்

வீட்டில் ஆள் இருக்கவேண்டும். “பூட்டியிருந்தது” என்று எழுதிவிட்டால் மறுபடி இரண்டு மாசம். பெரியம்மா வீட்டுக்கு வருவாய் ஆய்வாளர் வந்த அன்று, டேப்பின் ஒரு நுனியைப் பெரியம்மாவே வாசல் நிலையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். “சார், முற்றத்தைத் தனியா எழுதிக்கோங்க” என்று இரண்டு தடவை சொன்னார். அவர் எழுதினாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நுனியை விட்டார். நீங்களும் அப்படிக் கேட்கலாம், அது மரியாதைக் குறைவு இல்லை.

7. உத்தரவு வந்த பிறகு

மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இந்தக் குழுவில் இருப்பவர்கள் கவுன்சிலர்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் படத்தைக் காட்டி விளக்கி வையுங்கள்.

மனு ஏற்கப்பட்டால் உத்தரவு நகலோடு திருப்தியாகிவிடாதீர்கள். பெரியம்மாவுக்குக் கையில் உத்தரவு வந்தும் அடுத்த அரையாண்டுக்கு 1400 ரூபாய் என்றே இணையத்தில் காட்டியது. கம்ப்யூட்டரில் யாரும் மாற்றவில்லை. நகலை எடுத்துக்கொண்டு மறுபடி போய், திரையில் 1188 என்று வந்ததைப் பார்த்துவிட்டு, கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டில் கழித்துக்கொள்ளச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தோம். அதற்கும் சீல் வாங்கினோம்.