ரெண்டு பேரா ஐரோப்பா பஸ் டூர்: கொழும்பில இருந்து முதல் தரம் வெளிக்கிடுறவைக்கு

வெள்ளவத்தையில எங்கட பிளட்ஸ்ல மட்டும் மூண்டு வீட்டுக்காரர் கேட்டிட்டினம், நீங்க போன மாதிரி நாங்களும் போகப்போறம், எங்க இருந்து தொடங்கிறது எண்டு. லிஃப்ட் நாலாம் மாடிக்குப் போறதுக்குள்ள சொல்லி முடிக்கிற கதை இல்ல இது. அதால இவரும் நானும் போய் வந்ததில பட்டதையும் படிச்சதையும் படி படியா எழுதிப் போடுறன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கோ.

1. நாட்டை எண்ணாதேங்கோ, இரவை எண்ணுங்கோ

ஏஜென்ட் தாற பேப்பர்ல பெரிசா "9 நாடுகள்" எண்டு போட்டிருக்கும். ஒரு பேனையை எடுத்து ஒவ்வொரு நாளும் எங்க படுக்கிறம் எண்டு ஓரத்தில எழுதுங்கோ. எங்கட பேப்பர்ல பரிஸ் 3 இரவு, அம்ஸ்டர்டாம் பக்கம் 1, ஜெர்மனியில கறுங்காட்டுப் (பிளாக் ஃபொரெஸ்ட்) பக்கம் 1, சுவிஸ் 3, ஒஸ்ரியாவில இன்ஸ்புருக் 1, வெனிஸுக்கு வெளியில 1, புளோரன்ஸ் பக்கம் 1, ரோம் 2. மொத்தம் 13 இரவு. பெல்ஜியத்தில பிரஸ்ஸல்ஸ்ல இறங்கி அந்த மூத்திரம் பெய்யிற சின்னப் பெடியன்ர சிலையைப் பாத்திட்டு (அது எவ்வளவு சின்னன் எண்டு கண்டா சிரிப்பீங்க, ரெண்டடி தான்) வாஃபிள் சாப்பிட்டிட்டு ஏறினது தான். லீக்டன்ஸ்டைன்ல வாடுஸ் டவுன்ல ஒரு மணித்தியாலம். வத்திக்கானும் ஒரு நாடு தானே, அதையும் சேர்த்துத்தான் ஒன்பது. பொய் எண்டு சொல்ல ஏலாது, ஆனா நீங்க காசு குடுக்கிறது அந்த ஒன்பதுக்கு இல்ல, எத்தனை மணித்தியாலம் நிலத்தில கால் வைக்கப்போறீங்க எண்டதுக்குத்தான்.

அடுத்தது ஓட்டத் தூரத்தைப் பாருங்கோ. பரிஸ்ல இருந்து பிரஸ்ஸல்ஸ் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அங்க இருந்து அம்ஸ்டர்டாம் இன்னொரு 200. இன்ஸ்புருக்ல இருந்து வெனிஸ் கிட்டத்தட்ட 400, அதாவது கொழும்பு யாழ்ப்பாணம் மாதிரி. ரோட்டு நல்லம், பஸ் நல்லம், ஆனாலும் இருக்கிறது இருக்கிறது தான், நாரி நாரி தான்.

ஹொட்டல் எங்க இருக்கெண்டும் கேளுங்கோ. "பரிஸ் ஹொட்டல்" எண்டு போட்டிருக்கிறது கனதரம் பரிஸுக்கு வெளியில ஹைவே பக்கத்தில இருக்கும், பின்னேரம் ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு சென் நதிக்கரையில நடப்பம் எண்டு கனவு கண்டா பக்கத்தில இருக்கிறது பெற்றோல் ஷெட்டும் ஒரு பேர்கர் கடையும் தான். பக்கத்தில ரயில் ஸ்டேஷன் இருக்கா எண்டு மெப்ல பாத்து வையுங்கோ, பிறகு உதவும்.

2. எந்த நாட்டு வீசா

இங்க தான் எல்லாரும் குழம்புறது. ஷெங்கன் எண்டது எல்லையில சோதனை இல்லாமப் போய் வர ஒண்டாச் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள், அந்த வீசா ஒண்டு எடுத்தா இந்த எல்லா நாட்டுக்கும் போகலாம், சுவிஸும் லீக்டன்ஸ்டைனும் ஐரோப்பிய ஒன்றியத்தில இல்லாட்டியும் ஷெங்கன்ல இருக்கு. லண்டனும் சேர்ந்த டூர் எண்டா அதுக்கு வேற வீசா வேற காசு. ஆனா எந்த நாட்டிட்ட விண்ணப்பிக்கிறது? கூட நாள் நிக்கிற நாட்டிட்ட. நாட்கள் சமன் எண்டா முதல்ல கால் வைக்கிற நாட்டிட்ட. எங்கட பேப்பரைத் திருப்பிப் பாருங்கோ. பிளைட் பரிஸ்ல இறங்குது, பரிஸ்ல 3 இரவு, எல்லாரும் பிரான்ஸ் எண்டு தான் நினைச்சம். ஆனா கணக்கு ஊருக்கு இல்ல, நாட்டுக்கு. வெனிஸ், புளோரன்ஸ், ரோம் மூண்டையும் கூட்டினா இத்தாலியில 4 இரவு. அப்ப இத்தாலி தான். இதுக்குத்தான் இரவை எண்ணச் சொன்னனான்.

போற திகதிக்கு 6 மாசத்துக்கு முன்னம் இருந்து விண்ணப்பிக்கலாம், குறைஞ்சது 15 நாள் இருக்கேக்கயே குடுத்திருக்க வேணும், ஆனா அந்த 15 நாளை நம்பி இருக்காதேங்கோ. முடிவு சொல்ல சாதாரணமா 15 நாள், சிலவேளை 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். கோடை சீசனுக்கு அப்பொயின்ட்மென்ட் கிடைக்கிறதே பாடு. கட்டணம் பெரியாக்களுக்கு 90 யூரோ, அது 2024 ஜூன்ல 80ல இருந்து ஏறினது, அதுக்கு மேல விண்ணப்பம் வாங்கிற வீசா நிலையத்தின்ர சேவைக் காசும் இருக்கு. வீசா மறுத்தாலும் இந்தக் காசு திரும்பி வராது. கைரேகை குடுக்க ரெண்டு பேரும் நேர போக வேணும், ஒருக்கா குடுத்தா 59 மாசத்துக்குப் பாவிக்கலாம்.

பாஸ்போட்: ஐரோப்பாவை விட்டு வெளிக்கிடுற நாளில இருந்து இன்னும் 3 மாசமாவது செல்ல வேணும், எடுத்து 10 வருஷத்துக்குள்ள இருக்க வேணும், ரெண்டு பக்கம் வெறுமையா இருக்க வேணும்.

3. பேப்பர் கட்டு

ரெண்டு பேருக்கும் ரெண்டு ஃபைல் போடுங்கோ, ஒண்டாக் கட்டாதேங்கோ. வேலை செய்யிறவருக்கு வேலைக் கடிதமும் லீவுக் கடிதமும், பிஸ்னஸ் எண்டா பதிவுச் சான்றிதழும் வரிப் பேப்பரும். பாங்க் ஸ்டேட்மென்ட்ல கணக்கு ஓட்டம் தெரிய வேணும், போன கிழமை மாமா போட்ட பத்து லட்சம் திடீரெண்டு வந்து நிண்டா அதை எங்க இருந்து வந்தது எண்டு கேப்பினம். ஒராள் வீட்டில இருக்கிறவ எண்டா மற்றவர் செலவு பாக்கிறார் எண்ட கடிதமும் கல்யாணச் சான்றிதழும் வேணும். எங்கட சான்றிதழ் தமிழ்ல இருந்தது, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து இங்கிலிஷ்ல எடுத்தம். பேர் எழுத்துக்கள் பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே வருதா எண்டு அங்கயே நிண்டு பாருங்கோ. என்ர பேர்ல ஒரு எச் கூடிப்போய் நான் திரும்ப மூண்டு நாள் அலைஞ்சன்.

பயண மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாம, ஷெங்கன் முழுக்கச் செல்லுபடியா இருக்க வேணும்.

முற்பணம் கட்ட முன்னம் ஒரு கேள்வியை எழுத்தில கேளுங்கோ: ரெண்டு பேர்ல ஒராளுக்கு மட்டும் வீசா மறுத்தா என்ன செய்வீங்க? எங்களோட வர இருந்த ஒரு சோடிக்கு அது தான் நடந்தது, மனுசிக்குக் கிடைச்சது மனுசனுக்கு இல்ல, பிறகு ரெண்டு பேரும் போகேல்ல, கட்டின காசில பாதிக்குக் கூடப் பதில் இல்ல. வாயால "அதெல்லாம் பாத்துக்கொள்ளலாம்" எண்டு சொன்னது பேப்பர்ல இல்ல.

4. சூட்கேஸ்

ஆளுக்கு ஒண்டு தான் பஸ்ஸுக்குள்ள. ஒரு சூட்கேஸ் இவருக்கு ஒண்டு எனக்கு எண்டு பிரிக்காம ரெண்டிலயும் ரெண்டு பேர்ர உடுப்பையும் கலந்து வையுங்கோ, பிளைட்ல ஒண்டு தவறினாலும் ஒராள் வெறுங்கையோட நிக்க வேண்டி வராது. அடிக்கடி ஹொட்டல் மாறும், லிஃப்ட் சில இடத்தில ரெண்டு பேரும் ஒரு பெட்டியும் தான் கொள்ளும், அதால நீங்களே தூக்கி ரெண்டு மாடி ஏறக்கூடிய பாரம் தான் உங்கட பாரம்.

சுவிஸ்ல டிட்லிஸ் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவினம். கீழ எங்கல்பெர்க் 1,000 மீட்டர் அளவில, மேல ஸ்டேஷன் 3,020 மீட்டர். எங்கட பிதுருதலாகல 2,524 தானே, அதைவிட அரைக் கிலோமீட்டர் உயரம், அதுவும் கேபிள் கார்ல அரை மணித்தியாலத்தில. கடைசித் துண்டு சுத்திக்கொண்டே ஏறும். ஆடி மாசத்திலயும் ஐஸ் தான், ஜக்கெட்டைப் பஸ்ஸின்ர அடிப்பெட்டிக்குள்ள வச்சிட்டு மேல போகாதேங்கோ. பிரஷர், நெஞ்சு வருத்தம் இருக்கிறவை முதல்லயே டொக்டரைக் கேளுங்கோ. மருந்துகள் சீட்டோட கைப்பையில.

சாப்பாட்டுச் சாமான்ல இறைச்சி, பால் சாமான் ஐரோப்பாவுக்குள்ள கொண்டு போக ஏலாது, பச்சைக் கறிவேப்பிலையும் ஏலாது, தாவரச் சான்றிதழ் கேக்கும். பரிஸ்ல இருக்கிற மாமிக்கு எண்டு அம்மா கட்டித் தந்ததை நான் கட்டுநாயக்காவுக்குப் போக முன்னமே எடுத்து பிரிஜ்ஜுக்குள்ள வச்சிட்டன்.

தாலிக்கொடி. மாமியார் ஒரு மாதிரிப் பாத்தவ தான், ஆனாலும் பாங்க் லொக்கர்ல வச்சிட்டு ஒரு மெல்லிய செயினோட போனன். பரிஸ் மெட்ரோவிலயும் ரோம்லயும் பிக்பொக்கட் காரருக்குக் கூட்டமா நிண்டு மேல பாக்கிற ஆக்கள் தான் வேணும், நாங்க ஈஃபிள் கோபுரத்துக்குக் கீழ செய்யிறதும் அது தானே.

யூரோ ரெண்டு பேரிட்டயும் பிரிச்சு வையுங்கோ, கார்ட்டும் ஆளுக்கு ஒண்டு. சில்லறை முக்கியம், டொய்லட்டுக்கு. ஜெர்மன் ஹைவேயில ஒரு யூரோ போட்டாத்தான் கதவு திறக்கும், அதுக்கு ஒரு சின்ன வவுச்சர் வரும், எறியாம அங்க இருக்கிற கடையில குடுத்தா கழிப்பினம். சுவிஸ்ல பிராங்க், பெரிய கடைகள் யூரோ வாங்கினாலும் மிச்சத்தைப் பிராங்க்ல தான் தருவினம். சிம் வாங்கேக்க சுவிஸும் சேர்ந்திருக்கா எண்டு கேளுங்கோ, கன ஐரோப்பிய பக்கேஜ்ல அது இல்ல.

5. பஸ்ஸுக்குள்ள

பஸ் ஏன் இப்பிடி நேரத்துக்கு ஓடுது எண்டு விளங்கினா பாதிச் சண்டை குறையும். அங்க டிரைவர் எத்தனை மணித்தியாலம் ஓடுறார் எண்டு பஸ்ஸில இருக்கிற கருவி பதியும். நாலரை மணித்தியாலம் ஓடினா 45 நிமிஷம் நிப்பாட்ட வேணும், அதைப் பிரிச்சும் எடுக்கலாம். ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம், கிழமையில ரெண்டு நாள் மட்டும் 10. இரவில சாதாரணமா 11 மணித்தியாலம் ஓய்வு. அதால "டிரைவர் தம்பி, இன்னொருக்கா ஈஃபிள் லைட் பாக்கப் போவமா" எண்டு இரவு கேட்டு வேலையில்ல, அந்தாள் நல்லவர் தான், சட்டம் விடாது. காலமை ஒராள் அரை மணித்தியாலம் பிந்தினா அந்த அரை மணித்தியாலம் எல்லாருக்கும் வெனிஸ்ல வெட்டுப்படும்.

நாங்க லூசேர்ன்ல பிந்தினனாங்க. 12 நிமிஷம். இவர் ஒரு சுவிஸ் கத்திக்குப் பேர் பொறிக்கக் குடுத்திட்டு நிண்டவர், நான் அந்த மரப்பாலத்தடியில நிண்டு போன் அடிச்சுக்கொண்டு நிக்கிறன். பஸ்ஸில ஏறேக்க 40 சோடிக் கண். அண்டைக்கு இன்ஸ்புருக் வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் கதைக்கேல்ல. (அந்தக் கத்தியைக் கைப்பையில வைக்காதேங்கோ, எயார்போட்டில பறிப்பினம், செக்-இன் பண்ற பெட்டியில தான்.) அதுக்குப் பிறகு ஒரு ஒழுங்கு வச்சம்: இறங்கின உடன பஸ் நிக்கிற இடத்தை ரெண்டு போன்லயும் போட்டோ எடுக்கிறது, திரும்ப வேண்டிய நேரத்துக்கு 15 நிமிஷத்துக்கு முன்னம் அலாரம். புளோரன்ஸ், வெனிஸ் மாதிரி இடத்தில பஸ் ஊருக்குள்ள வராது. வெனிஸ்ல ட்ரொன்கெட்டோ எண்ட பஸ் நிக்கிற இடத்தில இறக்கி போட்ல தான் கொண்டு போவினம், போட்டைத் தவற விட்டா பஸ்ஸையும் விட்ட மாதிரி.

சீட் ஒவ்வொரு நாளும் மாத்துவினம். முன் சீட் எனக்குத்தான் எண்டு சண்டை பிடிக்கிற ஒரு குடும்பம் எல்லா டூர்லயும் இருக்கும், அது நீங்களா இருக்காதேங்கோ. சத்தி வாறவை மட்டும் முதலே வழிகாட்டியிட்டச் சொல்லி வைக்கலாம்.

6. சொந்தக்காரர்

இதை ஒரு டூர் பேப்பர்லயும் போட மாட்டினம், ஆனா எங்கட ஆக்களுக்கு இது தான் பெரிய பிரச்சின. பரிஸ்ல மாமி, சூரிச்ல இவர்ர ஒண்டுவிட்ட அண்ணன், ஜெர்மனியில கூடப்படிச்சவள். நீங்க வாறது தெரிஞ்சா ஒவ்வொருத்தரும் "வீட்ட வராமப் போனா கோவிப்பன்" எண்டுவினம். பஸ் டூர்ல வீட்ட போறதெண்டா ஒரு முழு நாளை விட வேணும், விட்ட நாளுக்குக் காசு திரும்பாது.

நாங்க செய்தது இப்பிடி. கொழும்பில இருக்கேக்கயே ஒவ்வொரு இரவு ஹொட்டல் அட்ரஸையும் அவைக்கு அனுப்பினம், "பின்னேரம் ஏழரைக்குப் பிறகு ஹொட்டலுக்கு வாங்கோ" எண்டு. சூரிச் அண்ணன் ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்தவர், அண்ணி இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் டப்பாவில கட்டிக்கொண்டு வந்தவ, ஹொட்டல் லொபியில வச்சு சாப்பிட விட மாட்டினம் எண்டு கார் பார்க்ல வச்சே சாப்பிட்டம், குளிருக்குள்ள, காரின்ர பின்கதவைத் திறந்து வச்சுக்கொண்டு. ஆறு நாளா பாணும் பாஸ்டாவும் திண்ட வாய்க்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ. டிட்லிஸை விட எனக்கு அந்தக் கார் பார்க் தான் ஞாபகம் நிக்குது.

பரிஸ்ல மாமியை லா சப்பல்ல சந்திச்சம். பேப்பர்ல "ஷொப்பிங்குக்கு ஃப்ரீ டைம்" எண்டு மூண்டு மணித்தியாலம் இருந்தது, வழிகாட்டியிட்டச் சொல்லிப்போட்டு மெட்ரோவில போனம். கார் து நோர் ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரம் தான், தமிழ்ப் போர்ட் போட்ட கடை வரிசையைக் கண்டா காலி வீதிக்கு வந்திட்டமோ எண்டு இருக்கும். சொல்லாமப் போகாதேங்கோ, ஆள் காணேல்ல எண்டா குரூப்புக்குப் பொறுப்பானவைக்குத் தான் பிரச்சின.

டூர் முடிஞ்சு சொந்தக்காரர் வீட்டில ஒரு கிழமை நிக்கிறதெண்டா அது வேற கதை. வீசாவுக்குக் குடுக்கேக்கயே அந்த நாட்களையும் அவையின்ர அழைப்புக் கடிதத்தையும் காட்ட வேணும், காப்புறுதியும் அது வரைக்கும் ஓட வேணும். அந்த நாட்களோட எந்த நாட்டில கூட இரவு எண்ட கணக்கும் மாறலாம், திரும்ப ரெண்டாம் படிக்குப் போங்கோ.

7. வரேக்க

பிரான்ஸ்ல ஒரு கடையில மூண்டு நாளுக்குள்ள 100 யூரோவுக்கு மேல வாங்கினா வரி திரும்ப எடுக்கலாம், இத்தாலியில 70க்கு மேல. கடையில பாஸ்போட் காட்டி ஃபோர்ம் வாங்க வேணும், ஒன்றியத்தை விட்டு வெளிக்கிடுற எயார்போட்டில சாமானோடயும் ஃபோர்மோடயும் கஸ்டம்ஸுக்குப் போக வேணும். பெட்டியை செக்-இன் பண்ணிட்டுப் போனா சாமானைக் காட்டு எண்டு கேக்கேக்க முழிக்க வேண்டியது தான். வரிசை நீளம், அதால எயார்போட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கோ.

இன்னுமொண்டு, பெட்டியில 5 கிலோவாவது காலியா விட்டு வையுங்கோ. மாமி தந்த ரெண்டு கிலோ சொக்லட், அண்ணி தந்த மூண்டு போர்வை, "இதை எங்கட தங்கச்சியிட்டக் குடுத்திடுங்கோ, உங்கட பிளட்ஸுக்குப் பின்னால தான்" எண்டு கூடப்படிச்சவள் தந்த ஒரு குக்கர் மூடி. ரோம் எயார்போட்டில தராசுக்குப் பக்கத்தில பெட்டியைத் திறந்து வச்சுக்கொண்டு இவர் ரெண்டு ஜக்கெட்டை ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டவர், கட்டுநாயக்காவில இறங்கேக்க 31 டிகிரி.

குக்கர் மூடி இன்னும் எங்கட வீட்டில தான் இருக்கு, தங்கச்சி ஆள் வீட்டில இல்ல.