வார்டுக்கு வேலை கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வார்டில் ஒரு பூங்கா இருக்கிறது. திறப்பு விழாக் கல்வெட்டு இன்னும் பளபளக்கிறது; கேட்டில் தொங்கும் பூட்டு துருப்பிடித்துவிட்டது. கம்பி வழியாக எட்டிப் பார்த்தால் ஊஞ்சலின் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து கிடப்பது தெரியும். கட்டுவதற்குப் பணம் வந்தது. தோட்டக்காரருக்கும் காவலாளிக்கும் மோட்டாரின் கரண்ட் பில்லுக்கும் யாரும் பணம் ஒதுக்கவில்லை. அந்தப் பூங்கா வேண்டும் என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். இரண்டு பக்க மனுவில் பராமரிப்பு என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

நகராட்சிப் பணம் பற்றிய பேச்சில் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். கட்டும் செலவைக் கேட்கிறோம், நடத்தும் செலவைக் கேட்பதில்லை. ஒரு பூங்காவுக்கு 40 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் சம்பளம், மின்சாரம், தண்ணீர், சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து மாதம் 35,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். பத்தே ஆண்டில் கட்டிய செலவைத் தாண்டிவிடும். கட்டும் பணம் பெரும்பாலும் மாநில அல்லது மத்திய அரசின் திட்டத்தில் வந்துவிடுகிறது. நடத்தும் பணம் நகராட்சியின் அன்றாட வருவாயிலிருந்து வர வேண்டும். கழிப்பறை, ஹைமாஸ் விளக்கு, சந்தைக் கட்டடம், மேல்நிலைத் தொட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வேலை கேட்டு மனு எழுதும்போதே, இதை நடத்த மாதம் எவ்வளவு ஆகும், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வரும் என்று இரண்டு வரி சேர்த்துவிட வேண்டும்.

அடுத்தது, பட்ஜெட்டைப் படிக்கும் முறை. மன்றத்தில் வைக்கும் வரவு செலவுத் திட்டத்தில் வரும் ஆண்டுக்கான மதிப்பீட்டை மட்டும் பார்த்து, நம் வார்டுக்கு இவ்வளவு வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். மதிப்பீடு கையில் இருக்கும் பணமல்ல. அதே வரியில் போன ஆண்டு உண்மையில் எவ்வளவு செலவானது, இந்த ஆண்டின் திருத்திய மதிப்பீடு, அதாவது ஆண்டின் நடுவில் மாற்றி எழுதிய தொகை, எவ்வளவு என்பதையும் பாருங்கள். மழைநீர் வடிகால் தூர்வார 50 லட்சம் என்று எழுதி 12 லட்சம்தான் செலவாகியிருந்தால், இந்த ஆண்டு 60 லட்சம் என்று எழுதியிருப்பதற்கு என்ன மதிப்பு? வரவுப் பக்கத்துக்கு, வருவாய்ப் பிரிவில் இருக்கும் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு வரி வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்பதை அந்த ஒரே தாள் சொல்லிவிடும். வராத பாக்கியை வருமானமாக எழுதிவிட்டுப் புது வேலைக்குத் தீர்மானம் போட்டால், பணம் கிடைக்காத ஒப்பந்தக்காரர் பாதியில் நிறுத்துவார். ஜல்லி கொட்டிய தெருவில் நாம் நடப்போம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு நகராட்சிகளில் எல்லாப் பணமும் ஒரே பெட்டியில் இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்று கணக்குகள் தனித்தனியாக உண்டு. பள்ளிக் கட்டடத்துக்கான பணத்தில் ஏன் சாலை போடவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

வரி பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் சொத்து வரியின் பொதுச் சீராய்வு 2022 வரை நடக்கவில்லை. சிமெண்ட், டீசல், சம்பளம் எல்லாம் ஏறின, வரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு குடியிருப்புகளுக்கு, பரப்பையும் இடத்தையும் பொறுத்து, 25 முதல் 150 விழுக்காடு வரை ஒரே நேரத்தில் கூட்டினார்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அடி! ஆண்டுதோறும் கொஞ்சம் கூட்டியிருந்தால் அந்த வலி இருந்திருக்காது. வரியை உயர்த்தவே கூடாது என்று போராடி வெல்வதை வெற்றி என்று நினைக்கிறோம். தள்ளிப்போட்ட சுமை பிறகு மொத்தமாக வந்து இறங்குகிறது.

முன்கூட்டியே சொல்லிக் கேட்டால் மக்கள் கொடுப்பார்கள் என்பதற்கு ஆலந்தூர் நல்ல உதாரணம். இன்று அது சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. அப்போது தனி நகராட்சி. 1990-களின் பிற்பகுதியில் பாதாள சாக்கடை கொண்டுவர முடிவானபோது, நகர்மன்றத் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதியும் நகராட்சியும் குடியிருப்போர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை, இணைப்பு வந்த பிறகு மாதம் 150 ரூபாய் கட்டணம். குழி வெட்டும் முன்பே மக்கள் வைப்புத்தொகை கட்டத் தொடங்கிவிட்டார்கள். மீதிக்குக் கடனும் மானியமும் வந்தன. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி இயக்கும் ஏற்பாடு செய்தார்கள். எனக்கு அந்த 5,000-ஐவிட 150 ரூபாய்தான் முக்கியமாகப் படுகிறது. குழாய் பதித்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் இருந்தது.

வேலையின் வரிசையும் பணம்தான். எங்கள் பக்கத்துத் தெருவில் தார் போட்டு, வெள்ளைக் கோடுகூட மங்கவில்லை. குழாய் பதிக்க ஜேசிபி வந்து நடுவில் கீறிவிட்டது. குடிநீர், பாதாள சாக்கடை, மின்கேபிள் எல்லாம் முடிந்ததா என்று கேட்காமல் சாலை கேட்டால் ஒரே தெருவுக்கு இரண்டு முறை பணம் போகும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடவிட்டால் வீட்டு வாசல் பள்ளமாகி மழைத்தண்ணீர் உள்ளே வரும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளரின் அறிவுறுத்தல் இருக்கிறது. வேலை நடக்கும் இரவில் வெளியே வந்து அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

கடைசியாக, காலம் தவறிக் கேட்பது. டெண்டர் விட்ட பிறகு கூடிக் கோஷம் போடுவதால் மதிப்பீடு மாறாது. வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவைகளைச் சொல்லும் கூட்டம், ஏரியா சபை என்று மக்கள் சொல்லும் பகுதி சபா, 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கூடத் தொடங்கியது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதிகாரிகள் பட்ஜெட் தயாரிக்கும் முன்பு, டிசம்பர் ஜனவரியிலேயே கோரிக்கை எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

பூட்டிய பூங்காவுக்காக இப்போது அப்படியொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தோட்டக்காரர் ஒருவர், காவலாளி ஒருவர், மோட்டார் மின்கட்டணம், ஊஞ்சலுக்கு ஒரு சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதத் தொகை எழுதியிருக்கிறேன்.