பார்த்த அன்றே எழுதி வைப்பது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ் ரசிகருக்குத் தமிழ்ப் படமும் மலையாளப் படமும், கிரிக்கெட்டும் கால்பந்தும் ஒருசேரக் கிடைப்பது பெரும் பேறு. அவற்றைப் பற்றி மனத்தில் தோன்றுவதை எழுதி வைக்க ஒரு நோட்டு போதும். ஆனால் அன்றிரவே, விமர்சனம் எதையும் படிப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். மறுநாள் டீக்கடைப் பேச்சைக் கேட்டுவிட்டால் நம் கருத்து எது, ஊர்க் கருத்து எது என்று பிரித்தறிவது கடினம்.

தேதி, இடம், உடனிருந்தவர் ஆகியவற்றை ஒரே வரியில் முடித்துவிட்டு, ஒரு கட்டத்தை மட்டும் விரிவாக எழுதுங்கள். 2022 டிசம்பர் 18 அன்று நடந்த கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 2-0 என அர்ஜென்டினா முன்னிலையில் இருந்தபோது, 80, 81 ஆம் நிமிடங்களில் பிரான்சின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்தார். கூடுதல் நேர முடிவில் வந்த 3-3 என்ற சமநிலையும், பெனால்டியில் அர்ஜென்டினா பெற்ற 4-2 வெற்றியும் எங்கு தேடினாலும் கிடைக்கும். அந்த இரண்டு நிமிடங்களில் அர்ஜென்டினாவின் நீல வெள்ளைச் சட்டையுடன் திரைக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பையன், கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டானா, இன்னும் ஓங்கிப் பிடித்தானா என்பது உங்கள் நோட்டில் மட்டுமே இருக்கும்.

திரைப்படத்துக்கும் இதுவே முறை. கதைச் சுருக்கம் வேண்டாம். மதிப்பெண்ணும் என் பார்வையில் தேவையற்றது. அரங்கமே சிரித்தும் உங்களுக்குச் சிரிப்பு வராத காட்சியைக் கட்டாயம் குறியுங்கள், ஏனெனில் உங்கள் ரசனை அங்கேதான் தெளிவாகத் தெரியும். சில ஆண்டுகள் கழித்து அதே படத்தை மறுபடி பார்த்தால், பழைய குறிப்பைத் திருத்தாமல், புதிய தேதியிட்டு அதன் கீழே எழுதுங்கள்.