மருத்துவமனைக்கு நிதி திரட்டும் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளூர் மருத்துவமனைக்கு உதவப் புறப்படும் குழுக்கள் செய்யும் பெரிய தவறு, என்ன வாங்கித் தருவது என்பதைத் தாங்களே முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு மருத்துவமனையை அணுகுவதுதான். மருந்தைச் சீரான அளவில் செலுத்தும் சிரிஞ்ச் பம்பை எடுத்துக்கொள்வோம். கருவி வந்து சேர்ந்த பிறகும் அதற்குப் பொருந்தும் சிரிஞ்சுகளையும் குழாய்களையும் தொடர்ந்து வாங்க வேண்டும். பேட்டரி தேய்ந்தால் மாற்ற வேண்டும். அளவு பிசகுகிறதா என்று குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும். செவிலியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இந்தச் செலவுகளை யார் ஏற்பது என்று கேட்காமல் கொடுத்த கருவி, எவருக்கும் பயன்படாமல் மூலையில் கிடக்க நேரும். மருத்துவக் கருவி நன்கொடை குறித்து 2011-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், பெறுபவரின் விருப்பத்துக்கும் அதிகாரத்துக்கும் மதிப்புத் தர வேண்டும் என்றும், தரத்தில் இரட்டை அளவுகோல் கூடாது என்றும் வலியுறுத்துகிறது. ஆகவே நிர்வாகத்திடம் மட்டுமல்லாமல், அந்தக் கருவியை அன்றாடம் கையாளப்போகும் செவிலியர்களிடமும் பேசி, தேவையை எழுத்து வடிவில் பெற்ற பிறகே வசூலைத் தொடங்குவது நல்லது. மருத்துவமனையின் பெயரைப் பயன்படுத்துவதற்கான அனுமதியையும் அப்போதே எழுதி வாங்கிவிடலாம்.

அடுத்தது, வேண்டுகோளின் வாசகம். குறிப்பிட்ட ஒரு கருவிக்கென்று கேட்டுப் பெற்ற பணத்தை, கொடுத்தவரின் சம்மதமின்றி வேறொன்றுக்குச் செலவிடுவது நம்பிக்கை மோசடியாகும். பல நாடுகளில் சட்டச் சிக்கலுக்கும் இடமாகும். இலக்கை எட்டாவிட்டாலோ தொகை மிஞ்சினாலோ பணம் எந்தத் தேவைக்குப் போகும் என்பதை முதல் அறிவிப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் எழாது.

நல்லவர்கள்கூடச் சந்தேகத்துக்கு ஆளாவது ரொக்கத்தில்தான். முத்திரையிட்ட உண்டியலை, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் சேர்ந்து திறந்து, எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். எண்ணிய பணம் முழுவதும் தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். துண்டறிக்கை அச்சடித்த கூலியை உண்டியலிலிருந்தே எடுத்துக் கொடுப்பது சிறு விஷயமாகத் தோன்றினாலும், வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதை அதன்பின் எவராலும் நிறுவ முடியாது. செலவை ரசீதுடன் கணக்கிலிருந்து கொடுப்பதே முறை. வசூல் அனுமதியும் வரிச்சலுகை விதிகளும் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், வரிச்சலுகை உண்டு என்று விசாரிக்காமல் வாக்களிக்கக் கூடாது.

நோயாளிகளின் படங்களைப் பயன்படுத்துவதில் நான் மிகவும் கண்டிப்பை எதிர்பார்க்கிறேன். படுக்கையில் இருப்பவர், தம் சிகிச்சை பாதிக்கப்படுமோ என்ற அச்சத்தாலேயே சரி என்று சொல்லக்கூடும். முகம் தெரியாவிட்டாலும் படுக்கை எண்ணும் பின்னணியில் தொங்கும் மருத்துவக் குறிப்பும் அவரை அடையாளம் காட்டிவிடும். கருவியின் படமும் அது செய்யும் வேலையைப் பற்றிய நான்கு வரிகளும் வேண்டுகோளுக்குத் தாராளமாகப் போதும்.

வசூல் முடிந்ததும் குழு கலைந்துவிடுவதும் வழக்கமான தவறு. திரண்ட தொகை, செலவு, ஒப்படைத்த தேதி ஆகியவற்றைக் கொடுத்தவர்களுக்கு அறிவிப்பதோடு, சில மாதங்கள் கழித்து அந்தக் கருவி இயங்குகிறதா என்று நேரில் கேட்டறிந்து அதையும் தெரிவிக்க வேண்டும்.