நர்சிங் பாடத்துக்கு வீடியோ எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஒரு மணி நேர வகுப்பை அப்படியே போனில் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் யாரும் முழுதாகப் பார்க்க மாட்டார்கள். எட்எக்ஸ் இணைய வகுப்புகளை வைத்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பெரும்பாலும் 6 நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. ஆகவே ஒரு வீடியோவுக்கு ஒரு சிக்கல் போதும்.

இதைவிடப் பெரிய தவறு, ஸ்லைடை வாசித்துவிட்டுப் போவது. டிரிப் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். டிரிப் ஏற்றும் குழாய் செட்டில் 1 மி.லி.க்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி, 4 மணி நேரத்துக்கான 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. ஃபார்முலா எல்லோருக்கும் மனப்பாடம்தான். மணியை நிமிடமாக்க மறப்பதிலும், செட்டின் உறையைப் பார்க்காமல் விடுவதிலும்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். சிறு சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் 1 மி.லி.க்கு 60 சொட்டு. அப்போது இதே சலைனுக்கு 125 சொட்டு ஆகிவிடும். அதனால் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணை கேமராவுக்கு நெருக்கமாகக் காட்டுங்கள். விடையைச் சொல்லுமுன், "இங்கே நிறுத்தி நீங்களே போட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அப்புறம் சொட்டு விழும் டிரிப் சேம்பரையும் கடிகாரத்தின் விநாடி முள்ளையும் ஒரே ஃபிரேமில் வைத்து, 15 விநாடியில் 10 அல்லது 11 சொட்டு விழும்வரை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருத்திக் காட்டுங்கள். ஸ்லைடால் இதைக் காட்ட முடியாது.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமிருந்து தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் கலைச்சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, விளக்கத்தைத் தமிழில் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

வார்டில் மட்டும் தயவுசெய்து படம் பிடிக்காதீர்கள். பின்னால் ஒரு முகமோ, கேஸ் ஷீட்டில் ஒரு பெயரோ விழுந்துவிட்டால், அது எத்தனை போனுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வலியில் படுத்திருப்பவர் "சரி" என்று தலையாட்டுவதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்வதும் நியாயமில்லை. ஸ்கில் லேபும் பொம்மையும் போதும்.

ஒலியிலும் கவனம் வேண்டும். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்த மனசு வராது, ஆனால் அந்த இரைச்சலில் பேச்சு அமுங்கிவிடும். காலையில் சீக்கிரமே எடுத்துவிடுங்கள்.

வீடியோ அனுப்பியதோடு பாடம் முடிந்தது என்று விட்டுவிடவும் வேண்டாம். மறுநாள் லேபில் ஒரு டிரிப்பை ஓடவிட்டு, ஒவ்வொருவரையும் எண்ணிச் சரிசெய்யச் சொல்லுங்கள். யாருக்கு இன்னொரு தடவை சொல்லித்தர வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.