ஆப்-ஆம்ப் சர்க்யூட்: பெருக்கம், உள்ளீட்டு மின்தடை, வெளியீட்டு மின்தடை கணக்கிடுவது எப்படி?

ஆப்-ஆம்ப் (ஆபரேஷனல் ஆம்ப்ளிபையர்) என்பது சிக்னலைப் பெரிதாக்கும் ஐசி. அதோடு ஆர்1, ஆர்2 என்று இரண்டு மின்தடைகளைச் சேர்த்துக் கட்டும் இன்வர்ட்டிங் ஆம்ப்ளிபையரில், மைனஸ் ஆர்2 பை ஆர்1 என்று பெருக்கத்துக்கான (வெளியீடு உள்ளீட்டைப் போல் எத்தனை மடங்கு) சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். அதே சர்க்யூட்டின் உள்ளீட்டு மின்தடை எவ்வளவு என்று கேட்டால்தான் தடுமாற்றம். பலர் "ஆப்-ஆம்புக்கு உள்ளீட்டு மின்தடை முடிவிலி" என்று எழுதுவார்கள். அது ஐசியின் குணம். நாம் கட்டிய சர்க்யூட்டின் குணம் வேறு.

படி 1: சர்க்யூட்டைப் போடுங்கள்

741 என்ற ஆப்-ஆம்ப் ஐசி ஒன்று, 9 வோல்ட் பேட்டரி இரண்டு. பேட்டரிகளைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைக் கிரவுண்டாக வையுங்கள். 7-ஆம் காலுக்கு பிளஸ், 4-ஆம் காலுக்கு மைனஸ். சிக்னலிலிருந்து 2-ஆம் காலுக்கு 10 கிலோ ஓம், இது ஆர்1. 6-ஆம் காலிலிருந்து 2-ஆம் காலுக்கு 100 கிலோ ஓம், இது ஆர்2. 3-ஆம் கால் கிரவுண்டில். இதுதான் இன்வர்ட்டிங் ஆம்ப்ளிபையர், அதாவது சிக்னலைத் தலைகீழாக்கிப் பெருக்கும் சர்க்யூட்.

படி 2: பெருக்கம்

இரண்டே விதிகள் போதும். உள்ளீட்டுக் கால்களுக்குள் மின்னோட்டம் போகாது; பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கு ஆர்2 வழியாக 2-ஆம் காலுக்குத் திரும்புவது) வேலை செய்யும்வரை 2-ஆம் காலும் 3-ஆம் காலும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்.

3-ஆம் கால் கிரவுண்டில் இருப்பதால் 2-ஆம் காலும் 0 வோல்ட். உள்ளே 0.1 வோல்ட் கொடுத்தால் ஆர்1 வழியாக 10 மைக்ரோ ஆம்பியர் வரும். ஐசிக்குள் போக வழியில்லை என்பதால் அத்தனையும் ஆர்2 வழியாகத்தான் போகவேண்டும். அங்கே 1 வோல்ட் விழும். வெளியீடு −1 வோல்ட். பெருக்கம் −10.

படி 3: உள்ளீட்டு மின்தடை

கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. 0.1 வோல்ட்டுக்கு 10 மைக்ரோ ஆம்பியர் என்றால் 10 கிலோ ஓம். அதாவது ஆர்1 மட்டுமே, முடிவிலி அல்ல.

இதை அளந்தும் பார்க்கலாம். பங்ஷன் ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை வைத்து, ஆர்1-க்கு முன்னால் இன்னொரு 10 கிலோ ஓம் தொடராகச் சேருங்கள். வெளியீடு சரிபாதியாகும். சிக்னல் தரும் கருவிக்கே 10 கிலோ ஓம் மின்தடை இருந்தாலும் இதே கதிதான்: 10 மடங்கு எதிர்பார்த்த இடத்தில் 5 மடங்குதான் கிடைக்கும்.

படி 4: நான்-இன்வர்ட்டிங்

சிக்னலைத் தலைகீழாக்காமல் பெருக்கும் சர்க்யூட் இது. சிக்னலை 3-ஆம் காலுக்கு மாற்றி, ஆர்1-இன் மறுமுனையைக் கிரவுண்டில் வையுங்கள். பெருக்கம் 1 + ஆர்2/ஆர்1, அதாவது 11. இப்போது சிக்னல் நேராக ஐசியின் காலைப் பார்க்கிறது. டேட்டாஷீட்டில் 741-இன் உள்ளீட்டு மின்தடை வழக்கமாக 2 மெகா ஓம். பின்னூட்டம் அதையும் பல மடங்கு உயர்த்திவிடும். ஆனால் 3-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் போட்டிருந்தால், உள்ளீட்டு மின்தடை அந்த 100 கிலோ ஓம்தான்.

படி 5: வெளியீட்டு மின்தடை

இங்கே அந்த இரண்டு விதிகள் உதவாது. அவற்றின்படி விடை பூஜ்யம். உண்மை மதிப்பு வேண்டுமானால் ஐசியின் சொந்த எண்கள் தேவை. 741-க்கு வெளியீட்டு மின்தடை 75 ஓம், பின்னூட்டமில்லாத பெருக்கம் 2,00,000. வெளியீட்டில் 11-இல் ஒரு பங்கு 2-ஆம் காலுக்குத் திரும்புகிறது. ஆக 75-ஐ (1 + 2,00,000/11) ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 0.004 ஓம். சிக்னல் மூலத்தின் மின்தடை சிறிதாக இருக்கும்வரை இரண்டு சர்க்யூட்டுக்கும் இதே விடை.

இது டிசிக்கு மட்டும். 1 கிலோஹெர்ட்ஸில் 741-இன் பெருக்கம் சுமார் 1,000 ஆகக் குறைந்துவிடும். அப்போது வெளியீட்டு மின்தடை 0.8 ஓம் பக்கம் வரும்.

இவ்வளவு குறைவு என்பதால் 8 ஓம் ஸ்பீக்கரை நேராக மாட்டிவிடாதீர்கள். 741 சுமார் 25 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது, ஸ்பீக்கரில் 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே அலையின் தலை வெட்டுப்படும். வெளியீட்டைப் பாதியாக்கும் லோடைத் (வெளியீட்டில் இணைக்கும் மின்தடை) தேடி வெளியீட்டு மின்தடை அளக்கும் வழக்கமான முறையும் இதே காரணத்தால் இங்கே பலிக்காது.