பழைய பப்பின் பின்னால் நிற்கும் குதிரை லாயம்: கைவைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

இங்கிலாந்தில் பழைய பப்புகள் பலவற்றின் கொல்லையில் ஒரு குதிரை லாயம் இருக்கும். கோச் வண்டிகள் ஓடிய காலத்தில் ஏறக்குறைய பத்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்றுவார்கள். ரயில் வந்ததும் லாயங்கள் காலியாகி, தட்டுமுட்டுச் சாமான் போடும் இடமாகிவிட்டன. இப்போது அவற்றைச் சாப்பாட்டுக் கூடமாகவோ தங்கும் அறையாகவோ மாற்றப் பலருக்கும் ஆசை.

“பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் பப்தானே இருக்கிறது, இது வெறும் ஷெட்” என்று நினைப்பது பெரிய வம்பு. பப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால், அதன் வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் லாயமும் பெரும்பாலும் அதே பாதுகாப்புக்குள் வரும். அனுமதி வாங்காமல் அதன் தன்மை கெடும்படி இடிப்பதோ மாற்றுவதோ 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு. கொத்தனாரைக் கூப்பிடும் முன் உள்ளூர் கவுன்சிலில் கேட்டுவிடுங்கள்.

அதிகம் பாழாவது சுவர்தான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், மழையில் ஊறினாலும் காரை வழியாக உலர்ந்துவிடும். செங்கல் இடுக்குகளில் இருக்கும் அந்தக் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு அங்கே சிமெண்ட் பூசினால், ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிய, செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். சிமெண்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். லாயத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. குதிரை மூத்திரத்தின் உப்பு சுவரின் அடிப்பகுதியில் ஏறியிருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசி மறைத்தால் கொஞ்ச நாளில் பூச்சே பெயர்ந்து விழும். சரி, சுண்ணாம்பே பூசலாம் என்றாலும் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் வேண்டாம்.

தரையிலும் இதே கதைதான். உருளைக்கல்லைப் பெயர்த்து, பிளாஸ்டிக் விரித்து கான்கிரீட் போட்டால், மேலே வர முடியாத ஈரம் பக்கத்துச் சுவரில் ஏறும். தடுப்புகள், தீவனத் தொட்டி, குதிரை கட்டும் வளையம், மூத்திரம் ஓடும் கால்வாய் எல்லாவற்றையும் குப்பை என்று வாரிப் போட்டுவிட்டு, அப்புறம் சுவரில் லாடம் மாட்டி ‘பழமை’ காட்டுகிறவர்களை என்ன சொல்ல!

வைக்கோல் பரணில் வௌவால் தங்கியிருக்கலாம். அது அப்போது உள்ளே இல்லாவிட்டாலும் தங்குமிடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தி நேரத்தில் வௌவால் வெளியேறுகிறதா என்று பார்க்கும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்வார்கள். அக்டோபரில் ஞாபகம் வந்தால் அடுத்த மே வரை கூரையில் கைவைக்க முடியாது.